இரண்டு கிலோ கல்லும் மாமாவின் விரலும்

மீன் நிறுக்க நல்ல தராசு எது என்று யாராவது என்னிடம் கேட்டால், யாரைப் பழிவாங்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. தூண்டில் போட்டுப் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறவனுக்குத் தராசு எதற்கு? மீன் பெரிதா சிறிதா என்று சட்டிக்கே தெரியும். தராசு தேடி ஊர் ஊராக அலைகிறவன் மனதில் வேறொரு ஆள் உட்கார்ந்திருப்பான். என் மனதில் உட்கார்ந்திருந்தவர் என் அக்காவின் கணவர்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் எங்கள் ஊர். பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது என் தொழில். மழை பிடித்துவிட்டால் யாரும் மோட்டார் போடமாட்டார்கள். அதனால் ஐப்பசியில் ஏரிக்குத் தண்ணீர் வரத் தொடங்கியதும் கடையைப் பாதி நாள் சாத்திவிட்டுத் தூண்டிலோடு கரைக்குப் போய்விடுவேன். என்னைப்போல ஏழெட்டுப் பேர் உண்டு. ஏரியின் மீன் குத்தகை பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கையில் இருந்தது. கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டு, கோடையில் வலை போட்டு அள்ளிக்கொண்டு போவார். தூண்டில்காரர்களை அவர் கண்டுகொள்வதில்லை. பொழுது போகாதவர்கள் இரண்டு பொடி மீன் பிடித்துப் போகட்டும் என்று விட்டிருந்தார்.

அந்தக் கரையில் நல்ல இடம் ஒன்றே ஒன்றுதான். மதகின் மேல் ஒரு கருங்கல் பலகை கிடக்கிறது. தலைக்கு மேல் புங்கமர நிழல், காலுக்குக் கீழே ஆழமான தண்ணீர், பக்கத்திலேயே கோரை. விரால் வந்து ஒதுங்குகிற இடம் அது. மற்ற எல்லா இடமும் கருவேல முள்ளும் சரிவும்தான். எனவே எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். கார்த்திகை முதல் தேதியிலிருந்து காணும் பொங்கல் வரைக்கும் யார் பிடித்த விரால் எடை அதிகமோ, ஏரி வற்றும்வரை அந்தக் கல் அவருடையது. பிடித்தவன் தன் தராசில் நிறுத்து எண்ணைச் சொல்வான், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அடுத்தவன் தராசைச் சந்தேகப்படுவது அடுத்த வீட்டுச் சமையலைக் குறை சொல்வது மாதிரி. யாரும் செய்யமாட்டார்கள்.

ஆறு வருடம் அந்தக் கல் என்னுடையதாக இருந்தது. காயலான் கடையில் எடுத்த ஒரு ஸ்பிரிங் தராசுதான் என்னிடம் இருந்தது. வட்ட முகம், சிவப்பு முள், அடியில் கொக்கி. அது சொன்ன எடையை நான் சொன்னேன். ஊர் நம்பியது, நானும் நம்பினேன்.

அப்புறம் அக்காவின் கணவர், மாமா வந்தார். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் ஏரிக்கரைக்கு நடக்க ஆரம்பித்தவர், நடப்பதைவிட உட்காருவது சுகம் என்று கண்டுபிடித்துத் தூண்டில் வாங்கிவிட்டார். அவர் ஒரு மாட்டுத் தீவனக் கடையில் எடை போடுகிறவர். பதினான்கு வருடமாகத் தவிடும் புண்ணாக்கும் கொக்கித் தராசில் மாட்டி நிறுத்துக் கொடுக்கிற கை. ஏரிக்கரைக்கும் சொந்தமாக ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிக்கொண்டு வந்தார். எண் இரண்டு விநாடி அசையாமல் நின்றால் 'பீப்' என்று கத்திவிட்டு அப்படியே நின்றுவிடும். மீனை இறக்கின பிறகும் எண் மாறாது. எல்லோரும் அதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

அந்த வருடம் காணும் பொங்கலன்று என் விரால் இரண்டு கிலோ அறுநூறு. என் தராசில்தான். மாமா தன் விராலை மதகு ஷட்டர் கம்பியில் தொங்கவிட்ட தராசில் மாட்டினார். மீன் துள்ளி ஆடியது. ஆடாமல் இருக்க வாலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். பீப். இரண்டு கிலோ நானூற்று எண்பது. கல் எனக்குத்தான் என்று நான் எழுந்து துண்டை உதறினேன்.

"இரு மச்சான், உன்னுதையும் இதுல ஒரு வாட்டி மாட்டிப் பாக்கலாம்" என்றார்.

மாட்டினார். இந்த முறை வாலைத் தொடவில்லை. அது அப்போது என் கண்ணில் படவில்லை. என் மீன் பிடித்து வெகுநேரமாகி அசையாமல் தொங்கியது. பீப். இரண்டு கிலோ இருநூற்றுப் பத்து.

"மச்சான், உன் தராசு பொய் சொல்லுது. ஆறு வருசமா பொய் மீனத்தான் புடிச்சிக்கினு கீற."

அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. வருத்தப்படுகிறவர் போல, தலையை ஆட்டிச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எடை போடுவதே தொழிலாக இருக்கிற ஆள் சொன்னால் யார் மறுப்பார்கள்? கரை முழுக்கச் சிரித்தது. நான் மாமாவை எதிர்த்துப் பேச முடியாது, அக்காவைக் கட்டினவர். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். அன்றைக்கே எனக்கு 'அரைக்கிலோ' என்று பெயர் விழுந்தது. கழிந்தது என்னவோ முந்நூற்றுத் தொண்ணூறு கிராம்தான். பட்டப்பெயர் வைக்கிறவர்களுக்குக் கணக்கு ஏது? மாசி மாதம் ஒருவர் வண்டியை நிறுத்தி, "இந்த அரைக்கிலோ மோட்டார் கடை எதுப்பா?" என்று என் கடை வாசலில் நின்று என்னையே கேட்டார்.

அன்று முடிவு செய்தேன். மாமாவின் தராசைப் பத்துப் பேர் முன்னால் பொய்யென்று காட்டாமல் விடுவதில்லை. அதற்குப் பொய் சொல்லாத தராசு ஒன்று எனக்கு வேண்டும்.

முதலில் இணையத்தில் வரவழைத்தேன். ஐம்பது கிலோ வரை தூக்கும் என்று போட்டிருந்தது; பெருமையாக இருந்தது. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை மாட்டினால் ஒரு தடவை ஒரு கிலோ நாற்பது, இன்னொரு தடவை தொள்ளாயிரத்து எழுபது. மூட்டை தூக்கச் செய்த தராசுக்கு மீன் ஒரு பொருட்டே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்து வாங்கியதில் பேட்டரி இறங்க இறங்க எடை ஏறியது. மூன்றாவதில் ஒரு பொத்தான் தெரியாமல் அழுந்திவிட்டால் கிலோ போய்ப் பவுண்டு வந்துவிடும். ஒரு கெளுத்தி திடீரென்று இரண்டு மடங்கு ஆகிவிட்டதைப் பார்த்து நான் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டது உண்மை. அதையும் தூக்கிப் பரணில் போட்டேன்.

கடைசியில் காஞ்சிபுரம் போனேன். பட்டு நெசவுக்காரர்களுக்குத் தராசு விற்கிற ஒரு சின்னக் கடை. பட்டையும் சரிகையையும் நிறுப்பவர்கள் அரை கிராமுக்கு வீடு ஏறிச் சண்டை போடுவார்கள். அவர்களுக்கு விற்கிறவரிடம் ஏமாற்று இருக்காது என்று கணக்குப் போட்டேன். கடைக்காரர் பத்து கிலோ தாங்கும் தொங்குதராசு ஒன்றை எடுத்து வைத்தார். நீங்கள் நிறுக்கப் போகிற பொருள் தராசின் மொத்தத் தாங்கலில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், கையில் தூக்கிப் பிடித்து நிறுக்கக் கூடாது, அசையாத கம்பியில் மாட்ட வேண்டும், ஈரப் பையை முதலில் மாட்டி எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் மீனைப் போட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம் கேட்டார்:

"மீன் விக்கிறதுக்கா சார்?"

"இல்ல."

"அப்ப எதுக்கு இவ்ளோ கரெக்டு?"

"ஒருத்தர் மானத்த வாங்கணும்" என்றேன். நல்ல ஜோக் என்று நினைத்துச் சிரித்து, முத்திரை அடித்த இரும்பு எடைக்கற்கள் இரண்டையும் எடுத்து வைத்தார். ஒரு கிலோ ஒன்று, இரண்டு கிலோ ஒன்று. "இத வெச்சி வாரம் ஒரு தடவ பாத்துக்குங்க. கல்லு பொய் சொல்லாது."

டவுன் பஸ்ஸில் அந்தக் கற்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எதையும் அவ்வளவு பத்திரமாக நான் வைத்துக்கொண்டு வந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் புதுத் தராசில் இரண்டு கிலோ கல்லை மாட்டினேன். இரண்டு கிலோ. ஒரு கிலோ கல். ஒரு கிலோ. பத்துத் தடவை மாட்டினாலும் அதே எண். அடுத்தது, என் பழைய ஸ்பிரிங் தராசு. இரண்டு கிலோ கல்லை மாட்டினேன். சிவப்பு முள் இரண்டைத் தாண்டி, இரண்டு முந்நூற்றைத் தாண்டி, முந்நூற்று ஐம்பதில் போய் நின்றது.

தட்டிப் பார்த்தேன். எண்ணெய் விட்டேன். மறுபடி அதே. ஸ்பிரிங் தளர்ந்து எத்தனை வருடம் ஆயிற்றோ. மாமா சொன்னது உண்மை. அவர் தராசு என் மீனுக்குக் காட்டிய எண் சரி. ஆறு வருடமாக நான் சொன்ன எடையெல்லாம் பொய். மதகுக் கல்லில் நான் உட்கார்ந்த ஆறு வருடமும் வேறு யாரோ உட்கார்ந்திருக்க வேண்டியவை.

வெட்கப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. பொய்யைச் சொன்ன ஆளைவிட, பொய் என்று சொன்ன ஆள் மேல் வருகிற கோபம்தான் பெரியது. புதுத் தராசை வாங்கியதற்கு ஏதாவது உபயோகம் இருக்க வேண்டுமே என்று வீட்டில் இருந்ததையெல்லாம் நிறுக்க ஆரம்பித்தேன். பூசணிக்காய், இட்லி மாவு, ரீவைண்டிங் கம்பிச் சுருள், பேரீச்சம்பழப் பாக்கெட். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாயா, புத்தி கித்தி பூட்ச்சா உனுக்கு? மாட்டுக்குத் தவுடு வைக்க நேரமாச்சு, மூட்டைய அவுத்துக் குடு."

மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னால் அதையும் மாட்டினேன். அன்று காலையில் மாமா கடையில் வாங்கிய பத்து கிலோ தவிடு. தராசில் ஒன்பது கிலோ அறுநூற்று முப்பது.

மறுநாள் வேலை எதுவும் இல்லாமல் தீவனக் கடைக்குப் போய் ஓரமாக நின்றேன். மாமா பையைக் கொக்கியில் மாட்டினார். பை ஆடியது. ஆடாமல் இருக்க அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் பையின் அடிமடிப்பில் போய் மாட்டிக்கொண்டது. லேசாக, மிக லேசாகக் கீழே இழுத்தது. எண் நின்றது. பீப். விரல் விலகியது. அடுத்த பை. மறுபடியும் அதே விரல். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. வாங்க வந்தவளிடம் அவள் மகள் பிரசவத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

மீன் வால் ஞாபகம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். தராசு நல்ல தராசு; விரல்தான் பொய் சொல்லியிருக்கிறது. அவர் விராலிலிருந்து அந்த விரலைக் கழித்தால் என் மீன்தான் பெரியது. தொண்ணூறு கிராமாவது கூட இருந்திருக்கும். இரண்டு எலுமிச்சம்பழம் எடை. இரண்டு எலுமிச்சம்பழத்துக்காக ஊரே என்னை அரைக்கிலோ என்கிறது.

அப்போதே கடையில் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அங்கே இருந்தது ஒரே ஒரு அம்மாள். எனக்கு என்னைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் வேண்டும். அதே மதகு, அதே காணும் பொங்கல் வேண்டும். ஒன்பது மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த ஒன்பது மாதமும் அவரிடமே தவிடு வாங்கினேன். ஒவ்வொரு முறையும் வீட்டில் நிறுத்துப் பார்ப்பேன், குறைவாக இருக்கும், மனம் குளிரும். மாடு இளைத்ததோ இல்லையோ, நான் அந்த வருடம் கொஞ்சம் சதை போட்டேன்.

மழை வந்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் போயிற்று. தூண்டிலில் பிளாஸ்டிக் தவளையும் புழுவும் மாட்டியே கார்த்திகை, மார்கழி ஓடியது. என்னுடைய பெரிய விரால் இரண்டு கிலோ ஐம்பது. இது உண்மையான ஐம்பது. மாமாவுடையது இரண்டு கிலோ முந்நூறு என்று அவருடைய தராசு சொல்லியிருந்தது. காணும் பொங்கல் காலையில் கரையில் எல்லோரும் கூடினோம். கரும்பு மென்றுகொண்டு, புதுச்சட்டையோடு, கல் மாமாவுக்குத்தான் என்ற முகத்தோடு நின்றார்கள்.

நான் இரண்டு கிலோ கல்லைப் பையிலிருந்து எடுத்து மதகின் மேல் வைத்தேன்.

"முத்திரக் கல்லு. இந்த வருசம் எல்லார் தராசையும் இத மாட்டிப் பாத்துடலாம்."

மாமா சிரித்தார். "பாக்கலாமே. மொதல்ல உன்னுது மாட்டு, மச்சான்."

அவர் இதைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத் தடை செய்கிற ஜாதி நான். பழைய ஸ்பிரிங் தராசை எடுத்துக் கல்லை மாட்டினேன். இரண்டு முந்நூற்று ஐம்பது. "ஆறு வருசமும் பொய். நானே ஒத்துக்கறேன்" என்றேன். கரை கை தட்டிச் சிரித்தது. அரைக்கிலோ, அரைக்கிலோ என்று யாரோ கத்தினார்கள். சிரியுங்கள் என்று காத்திருந்தேன். மற்றவர்களின் தராசுகளும் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று கூட, ஒன்று குறைய. எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள்.

கடைசியில் மாமா. அவருக்காக நான் ஒரு வலைப்பை கொண்டுவந்திருந்தேன். நீளமான கயிறு வைத்த பை. அப்படி ஒரு பைக்காக உத்திரமேரூர் கடைத்தெரு முழுக்க அலைந்திருந்தேன். பை ஆடினால்தான் அந்த விரல் வரும். ஏரிக் காற்றும் அன்று எனக்குத் துணையாக வந்தது.

வெறும் பையை மாட்டி எண்ணைப் பூஜ்யமாக்கினார். கல்லைப் பையில் போட்டு ஷட்டர் கம்பியில் தொங்கிய தன் தராசில் மாட்டினார். பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. மாமா என்னைப் பார்த்துக்கொண்டே, "கல்லு கல்லாத்தான் மச்சான் காட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய விரல் தானாகப் போய்ப் பையின் அடிக்கண்ணியில் மாட்டிக்கொண்டது.

பீப்.

இரண்டு கிலோ முந்நூற்று அறுபது.

மாமா எண்ணைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அப்புறம் தன் விரலைப் பார்த்தார். அது இன்னும் பையில்தான் இருந்தது.

"மாமா, கைய எடுத்துட்டு இன்னொரு வாட்டி மாட்டுங்க" என்றேன், மிகுந்த மரியாதையோடு.

அவர் மாட்டவில்லை. நான் மாட்டினேன். இரண்டு கிலோ.

சரிவில் உட்கார்ந்து எங்களோடு தூண்டில் போடும் அம்மாள் ஒருத்தி உண்டு. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பு. நாலு ஆடு வளர்க்கிறவள். அவள் எழுந்து வந்து பையை உற்றுப் பார்த்தாள்.

"யண்ணா, என் ஆட்டுக்குத் தவுடு கட்றப்ப கூட இந்த வெரலு இப்டித்தான் கீதா?"

நான் எதிர்பார்த்தது மீனோடு முடியும் என்று. அந்தக் கேள்வியோடு அங்கே நின்ற எல்லோருக்கும் தங்கள் வீட்டு மாடு ஞாபகம் வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். மாமா என்னை மட்டும் பார்த்து, "வெரலு தானா பூட்ச்சி மச்சான். ஆடாம இருக்கத்தான் புடிப்பேன்" என்றார். அது உண்மையாக இருக்கலாம் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. உண்மையாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. அவர் தராசைக் கழற்றி எடுத்துக்கொண்டு கரையில் இறங்கி நடந்தபோது, போன வருடம் நான் இறங்கிய அதே வழி என்று பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். விரலைக் கழித்தால் அவர் விரால் இரண்டு கிலோவைக்கூடத் தொடவில்லை; மதகுக் கல்லில் நான் உட்கார்ந்தேன். கல் சில்லென்று இருந்தது. அதைப்போல ஒரு சுகம் என் ஆயுளில் இல்லை.

அடுத்த வாரம் ஊரில் பாதிப் பேர் தவிட்டு மூட்டையோடு தீவனக் கடை வாசலில் நின்றார்கள். முதலாளி, தனக்கு எதுவுமே தெரியாது என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சொல்லி, மாமாவை அன்றோடு நிறுத்திவிட்டார். பதினான்கு வருடம் அந்த விரலால் லாபம் பார்த்தவர் அவர். விரல் மட்டும் மாமாவுடையது. மாமா அதற்குப் பிறகு செங்கல் சூளைக்குப் போனார். சர்க்கரைக்காரர், இரண்டு வாரத்தில் காலில் புண் வந்து வீட்டில் உட்கார்ந்தார். அக்கா களையெடுக்கப் போக ஆரம்பித்தாள். தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டவில்லை. எங்கள் வீட்டில் கோபத்தைப் பங்கு பிரித்தபோது எனக்கும் அவளுக்கும் சரிபாதி வந்தது. என் பங்கு உடனே பொங்கும். அவள் பங்கு அடுப்பிலேயே இருக்கும். அதை நான் மறந்துவிட்டேன்.

நான் என் வெற்றியில் மும்முரமாக இருந்தேன். ஒன்பது மாதம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்த கதையைக் கேட்டவருக்கெல்லாம் சொன்னேன். இனிமேல் யார் மீன் பிடித்தாலும் என் தராசில்தான் நிறுக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். எடையை வாயால் சொன்னால் மறந்துவிடும் என்று, மதகுச் சுவரில் வெள்ளைப் பெயிண்டால் எழுதவும் தொடங்கினேன். தேதி, மீன், எடை. விரால் ஒரு கிலோ எழுநூறு. கட்லா மூன்று இருநூறு. ரோகு இரண்டு நூறு. பெரிய எழுத்தில், கரையின் அந்தக் கோடியிலிருந்து தெரிகிற மாதிரி. ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அந்தத் தராசு வந்த பிறகு எங்கள் ஏரியில் யாருக்கும் பெரிய விரால் கிடைக்கவில்லை. நேற்றுவரை இரண்டரைக் கிலோ பிடித்தவனெல்லாம் இரண்டைத் தாண்டத் திணறினான். முணுமுணுத்தார்கள். உண்மை கசக்கும் என்று நான் உபதேசம் செய்தேன். அரைக்கிலோ என்று ஒருவரும் கூப்பிடவில்லை. அது போதும் எனக்கு.

பங்குனியில் ஒருநாள், வெயில் ஏறி எல்லோரும் தூண்டிலைச் சுருட்டுகிற நேரம். கரைமேல் ஒரு பைக் வந்து நின்றது. குத்தகைக்காரர் இறங்கினார். பின்னால் அக்கா இறங்கினாள். களை வேலைக்குப் போகிற அழுக்குப் புடவைதான். அதற்கு மேல் ஆம்பளைச் சட்டை. அவள் மதகுச் சுவரைக் கை நீட்டிக் காட்டினாள்.

குத்தகைக்காரர் சுவரின் ஒரு முனையிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். உதடு அசைந்தது. கட்லா மூன்று இருநூறு என்ற இடத்தில் நின்றார். கட்லாவும் ரோகுவும் அவர் விட்ட கெண்டைக் குஞ்சுகள். நடந்துகொண்டே வாசித்து மறு முனைக்கு வந்தார். போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"இவ்ளோ மீனா? சும்மா பெருமைக்கு எழுதினதுதான?" என்று கேட்டார். நம்பாத குரல். தூண்டில்காரன் சொல்கிற எடையை எவன் நம்புவான்?

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார்கள். சரிவிலிருந்த அம்மாள் எனக்குக் கண்ணைக் காட்டினாள். ஆமாம் சார், சும்மா எழுதினது என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. என் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

"பெருமைக்கா? முத்திரக் கல்லு வெச்சி டெஸ்ட் பண்ண தராசு சார். வாரா வாரம் பாக்கறேன். ஒரு கிராம் தப்பாது."

"அப்ப சரி" என்றார் குத்தகைக்காரர். "நாளைலேந்து இந்தக் கரையில ஒரு தூண்டில் இருக்கக் கூடாது. பாத்தா புடிச்சி ஸ்டேஷன்ல குடுத்துடுவேன்."

பைக்கைத் திருப்பினார். அக்கா ஏறவில்லை. நான் உட்கார்ந்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள். சத்தம் போடவில்லை.

"ஒம்போது மாசமா தெரிஞ்சிக்கினு வாய மூடிக்கினு இருந்தியேடா. ஒரு நாள் வூட்டுக்கு வந்து, அக்கா, மாமா வெரல பாருன்னு சொல்லி இருந்தா, அந்த வெரல நானே உடைச்சிருப்பேன். வேலையும் போயிருக்காது, ஊரு மாடும் பட்டினி கெடந்திருக்காது. உனுக்கு அது வாணாம். உனுக்குக் கூட்டம் வேணும்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் என் தோளை அழுத்தி அந்தக் கல்லிலேயே உட்காரவைத்தாள்.

"உக்காரு. இப்ப கூட்டம் கீது பாரு."

பார்த்தேன். ஏழு பேர் சுருட்டின தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.